பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தேர்வாகியிருக்கிறீர்களா? ஒரு தலைவி சொல்லும் வழிமுறைகள்

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உங்கள் பெயரைச் சொல்லிக் கை தட்டியிருப்பார்கள். பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு, “சரி, இனி நான் என்ன செய்யணும்?” என்று கேட்டால் பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். தையல்தான் தொழில். பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தப் பள்ளிக் குழுவுக்கு நான் தலைவி. புதிதாக வரும் உறுப்பினர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “அக்கா, ஆளுக்கு எவ்வளவு பணம் போடணும்?” என்பதுதான். ஒரு ரூபாயும் போட வேண்டாம். பள்ளிக்குச் சட்டப்படி சேர வேண்டியது என்னவென்று தெரிந்துகொண்டு, கொடுக்க வேண்டியவரிடம் எழுத்தில் கேட்டு, வரும்வரை விடாமல் பின்னால் நிற்பதுதான் குழுவின் முதல் வேலை. பணம் திரட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

சட்டம் உங்களுக்குக் கொடுத்திருப்பது

இந்தக் குழு தலைமை ஆசிரியர் விருப்பப்பட்டு வைத்துக்கொள்வது கிடையாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆவது பிரிவு, அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இது இருந்தே ஆக வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எண்ணிக்கைக்குத் தக்க இடம். தமிழ்நாட்டில் 2022இல் ‘நம் பள்ளி நம் பெருமை’ என்ற பெயரில் எல்லாப் பள்ளிகளிலும் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். அப்போது 20 பேர். 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டி நடத்தித் தருபவர்.

என்ன அதிகாரம் என்றால், மூன்று சொல்லலாம். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது. பள்ளிக்கு இனி என்னென்ன வேண்டும் என்று பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது. 22ஆவது பிரிவில் இது இருக்கிறது. வரும் மானியம் எங்கே செலவாகிறது என்று கவனிப்பது. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்ட நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். “இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?” என்று யாராவது கேட்கும் நாள் கண்டிப்பாக வரும். அன்றைக்குக் கோபப்படாமல் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.

அதே சட்டத்தின் பின்னிணைப்பில் பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. எல்லாக் காலத்துக்கும் ஏற்ற கட்டடம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, எல்லாருக்கும் பாதுகாப்பான குடிநீர், சத்துணவுச் சமையற்கூடம், விளையாட்டு இடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம். ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று கணக்கு. தொடக்கப் பிரிவுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், நடுநிலைக்கு 220. உங்கள் பள்ளியின் எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எது குறைகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

முதல் கூட்டத்துக்கு முன் ஒரு சுற்று

தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு, ஒரு வேலை நாளில் போங்கள். இடைவேளை மணி அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். மற்ற நேரத்தில் போனால் கழுவிவிட்ட கழிப்பறையைத்தான் பார்ப்பீர்கள். இடைவேளையில்தான் பிள்ளைகள் எந்தக் கதவுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள், எந்தக் கதவைத் தொடாமல் போகிறார்கள் என்பது தெரியும்.

எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறையில் மூன்று அறை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் நல்ல நிலையில்தான் இருந்தன, வெள்ளை கூட அடித்திருந்தது. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் நடு அறைக்கு முன்னால் மட்டும் நின்றார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், மற்ற இரண்டிலும் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணி ஓட்டைதான் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட வர ஆள் இல்லாத பிள்ளை போகவே போகாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என் காதில் இதைச் சொன்னது. நீங்களும் பெண் பிள்ளைகளைத் தனியாக வைத்துக் கேளுங்கள். சார்கள் பக்கத்தில் இருந்தால் சொல்ல மாட்டார்கள். வயதுக்கு வந்த பிள்ளைகளிடம், நாப்கின் கிடைக்கிறதா, போட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை என்பது அரசு வழிகாட்டுதல். ஆனால் எண்ணும்போது தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ளதை மட்டும் எண்ணுங்கள்.

அப்புறம் அண்ணாந்து பாருங்கள். கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா? மழைநீர் ஊறிய கறை இருக்கிறதா? 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 2004இல் கும்பகோணத்தில் சமையலறைத் தீ கீற்றுக் கொட்டகையில் பிடித்து 94 பிள்ளைகளை இழந்தோம். இரண்டு இடத்திலும் ஆபத்து முன்பே கண்ணுக்குத் தெரியும்படிதான் இருந்தது. பழைய சுவர், மூடாத கிணறு, திறந்து கிடக்கும் சுவிட்ச் பெட்டி, வகுப்பறையை ஒட்டிய அடுப்பு: இந்த நான்கையும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கூட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மனு கொடுங்கள். கட்டடம் மோசம் என்று தெரிந்தால் அதற்குள் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். மரத்தடியில் ஒரு வாரம் பாடம் நடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள். எனக்குத் தொழில் பழக்கம், எப்போதும் கையில் இருக்கும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பல பள்ளிகளில் இருக்கிறது. ஆனால் ஏற முடியாது. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது அளவு. எங்கள் பள்ளியில் படி ஒன்றரை அடி உயரம், சாய்தளம் ஆறடி நீளம். நாற்காலியோடு பின்னுக்கு உருண்டுவிடும். அளந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் பொறியாளர் வந்து பார்த்தார்.

சமையல் பக்கமும் போங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மகளிர் குழுப் பெண்கள்தான் சமைக்கிறார்கள். மதியத்துக்குச் சத்துணவு, வாரம் ஐந்து முட்டை. பரிமாறுவதற்கு முன் பெரியவர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே தட்டில் சாப்பிடுங்கள். எண்ணெய் வாடையா, பருப்பு வேகவில்லையா என்று நாக்குக்குத் தெரியும். சமைக்கும் பெண்களிடம் குற்றம் கண்டுபிடிக்கும் குரலில் பேசாதீர்கள். அரிசி சரியாக வருகிறதா, காஸ் வருகிறதா, சம்பளம் தேதிக்கு வருகிறதா என்று கேளுங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தீர்மானம் எழுதுவது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான்.

பெரும்பாலான கூட்ட நோட்டுகளில் இப்படித்தான் எழுதியிருக்கும்: “கழிப்பறை வசதியை மேம்படுத்த வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” இதை யார் படித்தாலும் எதுவும் செய்ய முடியாது. எந்தக் கழிப்பறை, என்ன பழுது, யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று ஒன்றும் இல்லை. எங்கள் நோட்டில் இப்போது இப்படி எழுதுகிறோம்:

“பெண் குழந்தைகள் கழிப்பறையில் மூன்று அறைகளில் இரண்டில் தாழ்ப்பாள் இல்லை. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஜூன் 10ஆம் தேதி முதல் ஓடவில்லை. மாணவிகள் இடைவேளையில் வீட்டுக்குப் போய் வருகிறார்கள். தாழ்ப்பாள்களைப் பள்ளி மானியத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் பொருத்துவது. பொறுப்பு தலைமை ஆசிரியரும் உறுப்பினர் ஒருவரும். மோட்டாரைப் பழுது நீக்கித் தரும்படி வட்டார வளர்ச்சி அலுவலரைக் கேட்பது. மனுவை நேரில் கொடுக்கும் பொறுப்பு தலைவியும் வார்டு உறுப்பினரும். அடுத்த கூட்டத்தில் இரண்டின் நிலையையும் முதலில் படிப்பது.”

பாருங்கள், பழுது இருக்கிறது, தேதி இருக்கிறது, அதனால் பிள்ளைகளுக்கு என்ன கஷ்டம் என்பது இருக்கிறது, யார் போக வேண்டும் என்பதும் இருக்கிறது. உள்ளூரில் முடிவதையும் மேலே கேட்பதையும் பிரித்திருக்கிறது. தாழ்ப்பாள் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. மோட்டாருக்கு மழைக்காலம் வரை அலைந்தோம். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த வரியை முதலில் படித்ததால் அது மறந்து போகவில்லை.

ஒரு கூட்டத்தில் பத்துத் தீர்மானம் போடாதீர்கள். இரண்டு போதும், மூன்று அதிகம். கூட்டம் முடிந்ததும் தீர்மானங்களைப் பெற்றோருக்கான கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். இதைத் தலைமை ஆசிரியர் தலையில் கட்டாமல், கைபேசி நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு அம்மாவோ முன்னாள் மாணவரோ பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம். செயலியில் போட்டாலும் தாளில் கொடுக்கும் மனுவை விட்டுவிடாதீர்கள். கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் மனு வரவே இல்லை என்று சாதித்தார்கள். முத்திரை போட்ட நகலைக் காட்டிய பிறகுதான் தேடி எடுத்தார்கள்.

எந்த வேலைக்கு எந்த வாசல்

நல்ல தீர்மானம்கூடத் தவறான மேசைக்குப் போனால் அங்கேயே கிடக்கும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடம் ஒன்றியத்தினுடையது, ஆசிரியர் கல்வித் துறையினுடையவர். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை என்றால் ஒன்றிய அலுவலகம். அங்கே இரண்டு பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள், இருப்பார்கள்: ஒருவர் வட்டார ஊராட்சி, ஒருவர் கிராம ஊராட்சி. எங்கள் ஒன்றியத்தில் பள்ளிக் கட்டடத்தை வட்டார ஊராட்சி பிடிஓதான் பார்க்கிறார். மதிப்பீடு போடுபவர் ஒன்றியப் பொறியாளர். அவரைப் பள்ளிக்கு வரவைத்துவிட்டால் வேலை நகரும். குடிநீர், தெருவிளக்கு, குப்பை எல்லாம் ஊராட்சி. ஆசிரியர் காலியிடம் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு வேண்டிய சிறப்பாசிரியர், பயிற்சி, உபகரணம் எல்லாம் வட்டார வள மையம். சத்துணவு பற்றியது ஒன்றிய அலுவலகத்தில் தனிப் பிரிவு. பள்ளிக்கு மேலே தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிக்கு மின்வாரியம். பஸ் நேரத்துக்குப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளர். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடைக்காரர் நம் ஊர்க்காரராக இருப்பார். முதலில் நேரில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

ஒரு மாதம் பார்த்தும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, “எங்கள் மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன?” என்று கேளுங்கள். 30 நாளைக்குள் பதில் தர வேண்டும். பல நேரம் பதிலுக்கு முன்பே வேலை நடந்துவிடும்.

ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துப் பெண்களுக்கு அலுவலகம் போவது புதிதில்லை. 1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த நேரம், எங்கள் அம்மா வயதுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போடவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. அந்த அம்மாக்களின் பேத்திகள்தான் இப்போது நம் பள்ளியில் படிக்கிறார்கள். தயங்காமல் போங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராகப் போங்கள்.

எல்லாரும் பேசுகிற கூட்டம்

எங்கள் பள்ளியில் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல். நூறு நாள் வேலைக்கும் பூப்பறிக்கவும் போகிற அம்மாக்கள் அந்த நேரத்தில் வருவது கஷ்டம். கூலியை விட்டுவிட்டு வா என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதனால் முந்தின நாள் சாயங்காலம், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், தெருத் தெருவாகப் போய் வாசலில் உட்கார்ந்து கேட்கிறேன். “நாளைக்குக் கூட்டம் இருக்கு, பள்ளிக்கூடத்துல என்ன குறைன்னு சொல்லுங்க.” கூட்டத்தில் வாயே திறக்காத அப்பத்தாக்கள் கூட வாசலில் நிறையச் சொல்வார்கள். அதைச் சொன்னவர் பெயரோடு நோட்டில் எழுதி, கூட்டத்தில் படிக்கிறேன்.

மனைவி உறுப்பினராக இருக்க, கணவர் வந்து உட்கார்ந்து பேசுவது பல ஊர்களில் உண்டு. முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, நீங்க வந்து பாருங்க, ஆனா பேசறதும் கையெழுத்தும் அக்காதான்.” சொல்லாமல் விட்டால் ஆறு மாதத்தில் குழு ஆண்கள் குழு ஆகிவிடும். கட்சிக்காரர்களும் அப்படித்தான். உறுப்பினராக இருக்கலாம், கரை வேட்டியோடு வரலாம். பள்ளிக்கு எந்த வசதி யாரால் வந்தது என்ற பேச்சைக் கூட்டத்துக்குள் எடுக்க விடாதீர்கள்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த வழிகாட்டியை எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். காலை உணவு சமைப்பவர் எந்தத் தெருக்காரர் என்று பார்த்துப் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோர் 2023இலும் தமிழ்நாட்டில் இருந்தார்கள். உங்கள் குழுவில் எல்லாத் தெருவும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எல்லாரும் நாற்காலியில் உட்காருகிறார்களா, டீ எல்லாருக்கும் ஒரே டம்ளரில் போகிறதா என்று பாருங்கள். கழிப்பறை கழுவவும் தண்ணீர் தூக்கவும் எந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்; எந்தப் பிள்ளையையும் கழிப்பறை கழுவ வைக்கக் கூடாது. இதில் சமரசம் பேசவே பேசாதீர்கள்.

துணைத் தலைவராக மாற்றுத்திறன் குழந்தையின் அம்மாவைக் கொண்டுவர வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. பேருக்கு வைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். பள்ளியில் எது இடிக்கிறது, எது தடுக்கிறது என்று அவருக்குத் தெரிவது போல வேறு யாருக்கும் தெரியாது.

ஆசிரியர்களோடு

வகுப்புக்குள் போய் ஆசிரியரைப் பிள்ளைகளுக்கு முன்னால் கேள்வி கேட்காதீர்கள். குறை இருந்தால் தலைமை ஆசிரியர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நடந்தது என்ன என்று மட்டும் சொல்லுங்கள். அடிப்பது, சாதி சொல்லித் திட்டுவது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது என்றால் அது வேறு விஷயம். அதை அறைக்குள் பேசி முடிக்கக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417க்கும் உடனே போன் பண்ணுங்கள். ஊர் மானம், பள்ளி மானம் என்று யாராவது சொன்னால், பிள்ளையை விட எதுவும் பெரிதில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

மற்றபடி ஆசிரியர்கள் நம் ஆட்கள். அரசு ஊழியர் என்பதால் மேலதிகாரியிடம் அவர்கள் வாய்விட்டுக் கேட்க முடியாததைப் பெற்றோர் கேட்கலாம். மக்கள்தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை எடுக்கக் கூடாது என்று சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. பதிவேடும் புள்ளிவிவரமும் ஆசிரியரின் பாட வேளையைத் தின்றால் அதையும் தீர்மானமாகப் போடுங்கள். காலியிடம் நிரம்பும்வரை தற்காலிக ஆசிரியரைக் குழு மூலமாக நியமிக்க அரசு அனுமதி கொடுக்கும் நேரங்கள் உண்டு. அப்போது உறவுக்காரப் பிள்ளைக்கு வேலை என்று போகாமல், தகுதி உள்ளவரை எடுங்கள். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்.

படிப்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? பரீட்சை மார்க்கைக் கேட்காதீர்கள். வீட்டில், தெருப் பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வைத்து, இரண்டு வகுப்புக்குக் கீழே உள்ள தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பக்கத்தில் திணறினால், எந்தப் பிள்ளை, எங்கே திணறியது என்று குறித்து வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். நம் பிள்ளை எந்த நிலை, அடுத்த நிலைக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆசிரியர்கள் ஆர்வமாகச் சொல்கிறார்கள். பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்தி வாசிக்கச் சொல்லும் வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

தொடர்ந்து வராத பிள்ளைகள் பட்டியலை மாதாமாதம் கேளுங்கள். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனது, ஆடு மேய்க்கப் போனது, வயதுக்கு வந்ததும் நிறுத்தியது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் தம்பியைப் பார்த்துக்கொள்வது: ஒவ்வொன்றுக்கும் வழி வேறு வேறு. இந்த வீடுகளுக்கு ஆசிரியர் போவதைவிட நாம் போவது நல்லது. ஆசிரியர் போனால் பயப்படுவார்கள், நாம் போனால் காபி போட்டுக் கொடுப்பார்கள்.

பணமும் கல்விச் சீரும்

பள்ளிக்கு ஆண்டுதோறும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஒட்டுமொத்தப் பள்ளி மானியம் உண்டு. 30 பேர் வரை என்றால் 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. நமக்கு எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எப்போது வந்தது என்று கரும்பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். 2024-25இல் மத்திய அரசு தமிழ்நாட்டுக்குரிய சமக்ர சிக்‌ஷா திட்ட நிதியை, இந்த மானியம் வருகிற நிதியை, கொடுக்காமல் வைத்திருந்தபோது, ஏன் பினாயில் வாங்கக்கூடப் பணமில்லை என்று பெற்றோருக்கு விளக்க அந்தப் பலகைதான் உதவியது. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி, தொகை, யாருக்கு என்று எழுதிய பிறகே போடுங்கள். தலைமை ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இப்படித்தான் செய்ய வேண்டும். அது அவருக்கும் பாதுகாப்பு. பில்லை நோட்டில் ஒட்டுங்கள்.

சேர்க்கையின்போதோ ஆண்டு விழாவுக்கோ பெற்றோரிடம் கட்டாயமாகப் பணம் வாங்க விடாதீர்கள். தனியாரில் ஆயிரக்கணக்கில் கட்டுகிறார்கள், இங்கே நூறு ரூபாய் தரக்கூடாதா என்பார்கள். தர முடியாத ஒரு வீட்டுப் பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வராது. அது போதும் காரணம்.

விருப்பப்பட்டுத் தருவது வேறு. எங்கள் மாவட்டத்தில் கல்விச் சீர் என்று ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. கோயில் திருவிழாவுக்கோ காதுகுத்துக்கோ போவது போல, ஊரே சேர்ந்து மேளதாளத்தோடு பீரோ, மின்விசிறி, நாற்காலி, தண்ணீர்க் குடம், நோட்டுப் புத்தகம், பழத்தட்டு என்று தலையில் சுமந்து பள்ளிக்குக் கொண்டு வருவோம். பள்ளி வாசலில் ஆசிரியர்கள் நின்று வாங்கிக்கொள்வார்கள். அரசுப் பள்ளிக்கு ஊர் சீர் செய்வது நேற்று வந்ததும் இல்லை. காமராஜர் காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் இப்படித்தான் மணியும் மேசையும் நிலமும் கொடுத்தார்கள். 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவும் முதலில் ஊர் கொடுத்த அரிசியில் நடந்ததுதான்.

சீர் செய்யும்போது இரண்டு விஷயம். ஒன்று, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைப் பார்த்துப் பட்டியல் போட்டு, அதை முன்கூட்டியே ஊரில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏழு சுவர்க்கடிகாரமும் ஐந்து குத்துவிளக்கும் வந்து சேரும். புத்தக அலமாரி வராது. இரண்டு, வந்த பொருளை அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். கொடுத்தவர் பெயரை மின்விசிறியின் இறக்கையில் பெரிதாக எழுத வேண்டும் என்று கேட்பார்கள். பதிவேட்டில் எழுதி, ஒரு நன்றிக் கடிதம் கொடுங்கள், போதும்.

சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் திருப்பூரிலும் இருக்கும் முன்னாள் மாணவர்கள் கேட்டால் தருவார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இணையதளம் வழியாக அனுப்பினால் கணக்கு சரியாக இருக்கும். வகுப்பறை, சுற்றுச்சுவர் போன்ற பெரிய வேலைக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். கஜா புயலில் கூரையும் மரமும் போன பள்ளிகள் சிலவும் ஊர் கைகொடுத்துத்தான் எழுந்தன. ஆனால் ஆசிரியர் சம்பளத்தை ஊர்ப் பணத்தில் கொடுக்கத் தொடங்காதீர்கள். காலியிடத்தை நிரப்ப வேண்டிய அலுவலகம் அதோடு நம்மை மறந்துவிடும்.

கிராம சபையும் ஒப்படைப்பும்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இந்த ஆறு நாளும் கிராம சபை. நிலுவையில் உள்ள தீர்மானத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய், ஊராட்சித் தலைவரிடம் முன்னாலேயே சொல்லி வைத்து, சபையில் படித்துக் கிராம சபைத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பள்ளிக் குழுத் தீர்மானத்தோடு கிராம சபைத் தீர்மான நகலையும் இணைத்துக் கொடுத்தால் ஒன்றிய அலுவலகத்தில் பேச்சே மாறுகிறது. எங்கள் சுற்றுச்சுவர் அப்படி வந்ததுதான்.

குழுவின் காலம் இரண்டு ஆண்டு. முடிவதற்கு ஒரு மாதம் முன்பே நிலுவைப் பட்டியல் தயார் செய்யுங்கள்: எந்த மனு, எந்தத் தேதி, எந்த அலுவலகம், கடைசியாக யாரிடம் பேசினோம், என்ன சொன்னார். முத்திரை வாங்கிய நகல்களை ஒரு கோப்பில் வரிசையாகத் துளையிட்டுப் போடுங்கள். புதிய தலைவி தேர்வாகும் அன்றைக்கே நோட்டையும் கோப்பையும் அவர் கையில் கொடுத்து, முதல் தடவை அலுவலகம் போகும்போது கூடவே போய்ப் பொறியாளரையும் கல்வி அலுவலரையும் அறிமுகம் செய்து வையுங்கள்.